பிளாட்டன் சனமும் எங்கட காணி எல்லையும்

வலிகாமம் வடக்கில் திரும்பிக் குடியேறியும், குடியேற வழியில்லாமல் வெளியிலும் இருக்கிற எங்கட ஊர்ச் சனத்துக்கு,

சுவிசின் வாலிஸ் மாநிலத்தில் இருந்து எழுதுகிறேன்.

2025 மே 28 பின்னேரம் பனியாறு இடிந்து விழுந்து பிளாட்டன் என்ற ஊரை மூடியதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ‘உனக்குக் கிட்டவோ?’ என்று பலபேர் கேட்டீர்கள். கிட்டத்தான். வந்த புதிதில் அந்த ஊர் இருக்கிற லோட்சென்டால் பள்ளத்தாக்கில்தான் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன்.

அங்கே ஃபெர்டன், கிப்பல், வீலர், பிளாட்டன் என்று நாலு ஊர். உச்சியில் இருப்பது பிளாட்டன்: 1540 மீட்டர் உயரம், சுமார் 300 பேர். பேசுவது ஜெர்மன்தான், ஆனால் சூரிச்காரரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய ஜெர்மன். வீடுகளெல்லாம் லார்ச் மரம், வெயிலில் கறுத்துப்போய் நிற்கும். தானியம் வைக்கிற பழைய கொட்டில்களுக்குக் கால் உண்டு. ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான வட்டக் கல் ஒன்று; எலி ஏறினால் அந்தக் கல்லைத் தாண்டாது. மாசியில் பெடியள் ஆட்டுத்தோலைப் போர்த்து, இடுப்பில் மாட்டுமணி கட்டி, மரத்தில் செதுக்கிய கோரமுகத்தை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்குவார்கள். முதற்தரம் கண்டபோது குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றேன்.

அந்த ஊரில் பத்தில் ஒன்பது பங்கு இப்போது கல்லுக்கும் சேற்றுக்கும் கீழே. மேலே நின்ற கிளைனஸ் நெஸ்ட்ஹார்ன் மலை மே நடுப்பகுதியில் உடையத் தொடங்கி, அதன் பாறைகள் கீழிருந்த பிர்ச் பனியாற்றில் விழுந்தன. அந்தப் பாரம் தாங்காமல் பனியாறு முன்னுக்கு நகர்ந்தது. அதை அளந்துகொண்டிருந்தவர்கள் சொன்னார்கள், சனம் கேட்டது. மே 19க்குள் ஊர் முழுதும் வெளியேறிவிட்டது. நடக்கமுடியாத மாடு ஒன்றை ஹெலிகொப்டரில் தூக்கினார்கள். ஒன்பது நாள் கழித்து எல்லாம் முடிந்தது. உயிரிழந்தவர் ஒருவர். தப்பி நின்ற வீடுகளையும் லொன்சா ஆறு அடைபட்டுப் பெருகி முக்கிவிட்டது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. ஊர் இல்லை, ஆனால் ஊர்ச்சபை கலையவில்லை. சனம் பக்கத்து ஊர்களில் இருந்துகொண்டு கூட்டம் கூடுகிறது, பழைய இடத்துக்கே திரும்பத் திட்டம் போடுகிறது. ‘300 பேருக்காக இவ்வளவு செலவா?’ என்று சமவெளிப் பத்திரிகைகளில் கேள்வி எழும்பியது. பள்ளத்தாக்குச் சனத்துக்குக் கோபம். வராமல் என்ன செய்யும்? பக்கத்து வீலர் 1900இல் எரிந்து போய்த் திரும்பக் கட்டப்பட்ட ஊர்.

வெள்ளைக்காரனைப் பார்த்துப் படியுங்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்குக் காப்புறுதி இருக்கிறது, மத்திய அரசு உடனே 50 இலட்சம் பிராங் கொடுத்தது. அவர்கள் மேல் விழுந்தது மலை. ஒருவரும் முட்கம்பி போட்டு மறிக்கவில்லை. 1990 ஆனியில் போருக்குள் நாங்கள் ஓடினபோது எங்களுக்கு யாரும் நாள் குறித்துச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரு தராசில் வைக்கிறவனுக்குப் புத்தி இல்லை.

ஆனாலும் காசு தேவைப்படாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது. யாருடைய வீடு எங்கே நின்றது, எல்லை எதுவரை என்பது எழுத்தில் இருக்கிறது. நிலம் மண்ணுக்குள் போனாலும் கணக்குப் போகவில்லை. எங்கட பக்கம் படையினர் காணி விட்டபோது என்ன நடந்தது? வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அண்ணன் தம்பி எல்லைக்கு அடிபட்டார்கள். இன்னும் ஒரு பகுதி அவர்களிடமே, படையினரிடமே, இருக்கிறது. அது விடுபடுகிற நாளில் எல்லையைக் காட்ட ஆர் இருப்பார்கள்? தொண்ணூறில் குடும்பம் நடத்தினவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்குக் கனடா, லண்டன் சனம் எல்லாம் வரும். ஒரு நாளைத் திருவிழாவில் இருந்து கழித்து வாசிகசாலையில் இருங்கள். பெரியவர்களை வைத்துப் படம் கீறுங்கள்: ஒழுங்கை, கிணறு, எல்லைப் பனை, யார் வளவுக்குப் பக்கத்தில் யார். காணி உறுதியின் பிரதி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து ஒரு கோப்பில் போடுங்கள். உறுதி தொலைத்தவர்கள் அயலவரின் சாட்சியை எழுதி வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு, திரும்பி வரவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று காணியைப் பற்றையாக்கி வைத்திருக்கிறவர்களே, அங்கே கொட்டிலில் கிடக்கிற சொந்தத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

கோபுர வேலைக்கு என்னிடம் கேட்ட காசை இந்த முறை கோயிலுக்கு அனுப்பமாட்டேன். சேவையர் செலவுக்குத் தருகிறேன். வாசிகசாலைத் தலைவரும் செயலாளரும் கூடி ஒரு திகதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன்