சுருட்டுப் புகையிலைக்கு வீட்டில் ஓர் அறை

வாடிப்பட்டியில் குடியிருந்து, திண்டுக்கல் பக்கம் குத்தகை நிலத்தில் சுருட்டுப் புகையிலை போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'பாடம் செய்த இலையை விலை வரும்வரை வைத்திருக்க, வீட்டின் பின்அறையைக் கடன் வாங்கி ஏ.சி. அறையாக மாற்றலாமா?'

ஏ.சி.க்குக் கடன் வாங்க வேண்டாம். ஏ.சி. அறையைக் குளிர்விக்கும்போதே காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றும். இலை மொரமொரவென்று நொறுங்கும். சுருட்டுக்குத் தேவை குளிர்ச்சியைவிட, ஏறி இறங்காத ஈரப்பதம். 65 முதல் 70 சதவிகிதம் போதும்.

'திருச்சிச் சுருட்டு' என்று வெளிநாடுகளில் பேர் வாங்கிய சுருட்டுக்கும் இலை திண்டுக்கல் பக்கத்தில் விளைந்ததுதான். குளிர் நாடுகளில் சுருட்டுப் பெட்டிக்குள் ஈரம் ஊட்டுகிறார்கள். மதுரைச் சமவெளியில் பருவத்துக்குப் பருவம் வேலை மாறும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தைத் தடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் ஈரம் கொடுக்க வேண்டும்.

முதலில் தரையைச் சோதியுங்கள். ஒரு பாலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கட்டினால் அந்த அறை ஆகாது. மேற்கு வெயில் அடிக்கும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், ஒழுகும் கூரை ஆகியவையும் ஆகா. புதிதாகப் பூசிய சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே இலையை வைக்க வேண்டும்.

அடுத்து, ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வழி உண்டு. பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரையாதபடி சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் போலாக்குங்கள். அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்தால், 75 காட்ட வேண்டும். 72 காட்டினால், எப்போதும் 3 கூட்டிப் படியுங்கள்.

இலைக் கட்டுகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். மழை நாளில் சன்னலை மூடி, வெயில் அடிக்கும் மதியத்தில் மட்டும் திறந்து விடுங்கள். கோடையில் சன்னலை அடைத்து, இலையில் படாதபடி ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். கையில் எடுத்த இலை வளைய வேண்டும், நொறுங்கக் கூடாது, விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பூஞ்சணத்துக்கு வழி.

ஈரம் சரியாக இருந்தாலும் புகையிலை வண்டு வரலாம். நம்மூர்ச் சூடு அதற்கு ஏற்றது. இலையில் ஊசித்துளையும் கீழே தூளும் தெரிந்தால் அந்தக் கட்டை உடனே பிரித்து அப்புறப்படுத்துங்கள். பூச்சி உருண்டை, உரமூட்டை, மண்ணெண்ணெய் எதுவும் அறையில் இருக்கக் கூடாது. இலை வாசத்தை இழுத்துக்கொள்ளும்.

படுக்கிற அறையை இதற்கு ஒதுக்காதீர்கள். ஈரமான இலையைக் கையாண்டால் நிகோடின் தோல் வழியே ஏறித் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் போகவே வேண்டாம்.

இந்த வருஷம் ஒரு மரப்பெட்டி இலையை மட்டும் அந்த அறையில் வைத்து, ஓர் ஐப்பசியும் ஒரு சித்திரையும் கடக்கட்டும். கருவி காட்டும் அளவைத் தினமும் காலை, மாலை நோட்டில் குறியுங்கள். செலவு செய்வதா வேண்டாமா என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதுவரை மீதி இலையை வழக்கம்போல விற்றுவிடுவதே நல்லது.