பெருநாள் தட்டு

நோன்புப் பெருநாளன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து அயலிலுள்ள தமிழ் வீடுகளுக்கு வட்டிலப்பம் வந்த காலம் ஒன்று இருந்தது. முட்டையைத் தேங்காய்ப்பாலோடும் கித்துள் கருப்பட்டியோடும் அடித்து, ஏலம் போட்டு, ஆவியில் அவித்தெடுப்பார்கள். வெட்டினால் உள்ளே சின்னச் சின்னத் துளைகள். துளைக்குள் பாணி கசிந்து நிற்கும். ஒல்லாந்தர் காலத்தில் மலாய்க்காரரோடு கடல் கடந்து இலங்கைக்கு வந்த பண்டம் என்பார்கள். மலாய்க்காரர் அடுப்பிலிருந்து சோனகர் அடுப்புக்கும், அங்கிருந்து எங்கள் அடுப்புக்கும் வந்தது. தைப்பொங்கலுக்கு நாங்கள் புக்கை கொடுத்தனுப்பினோம்.

இப்போது உணவுத் திருவிழாக்களில் வட்டிலப்பத்தை எங்கட சாப்பாடு என்று பெருமையோடு வைக்கிறோம். அதைத் தந்தவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை.

1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் முஸ்லிம் வட்டாரத்தைச் சுற்றின. ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்குச் சனங்களை அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். போகும் வழியில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த மாதம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். மிகப் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் ஓலைக் கொட்டில்களுக்குள் ஒதுங்கினார்கள்.

வாய் திறந்தால் எங்களுக்கும் அதே கதிதான் என்று சொல்லிக்கொண்டோம். பயம் உண்மைதான். ஆனால் அதே பயத்துக்குள் இருந்துகொண்டே மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர் இந்த அநியாயத்தை எழுதி வைத்தார்கள். விட்டுப்போன வீட்டுச் சாமான்கள் மலிவாக விலைக்கு வந்தபோது வாங்கியவர்களும் எங்கள் சனம்தான். அதற்குப் பயத்தைக் காரணம் சொல்ல முடியாது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து, மூட்டை முடிச்சோடு மழையில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவை வருடா வருடம் எழுதுகிறோம், பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே திகதியில் முஸ்லிம்கள் தங்கள் வெளியேற்றத்தை நினைவுகூரும்போது போய்ப் பக்கத்தில் இருப்பவர்கள் எங்களில் மிகச் சிலர். இடம்பெயர்வின் வலி தெரிந்த எங்களுக்கு இது எப்படி மறந்துபோனது?

2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்த முஸ்லிம்களிடம், "உங்களுக்குப் புத்தளத்தில வீடு இருக்குத்தானே?" என்று கேட்டோம். கூரையில்லாத சுவர்களையும் பற்றை மண்டிய வளவுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன குடும்பங்கள் உண்டு. துரத்தப்பட்ட அன்று கைக்குழந்தைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது புத்தளத்தில் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களின் காணிக்கும் குடியிருப்புப் பதிவுக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டியவர்கள் அயலவர்களான நாங்கள். அதை இன்றுவரை அவர்களையே தனியாகக் கேட்க விட்டிருக்கிறோம்.