கைபேசி யாருக்கு? எண் யார் பெயரில்?

அறிவியல் தந்த பொருள்களுள் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி இன்று எல்லார் கையிலும் இருப்பது கைபேசி ஒன்றே எனலாம். தேவனாம்பட்டினத்து மீனவர் கடலுக்குப் போகும்போது அதுவும் உடன் போகிறது. சிதம்பரம் கீழவீதியில் பூக் கட்டும் அம்மையாரின் கூடைக்குள்ளிருந்தும் அது ஒலிக்கிறது. மேல்நிலை இரண்டாம் ஆண்டு முடித்து வெளியேறவிருக்கும் எங்களுள் பலருக்கும், தேர்வு முடிந்ததும் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதாக வீட்டில் வாக்களித்திருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் அதைத் தேர்ந்தெடுப்பது பற்றி எங்கள் காதில் விழும் பேச்செல்லாம் நிறத்தையும் கேமராவையும் சுற்றியே நிற்கிறது. கைபேசியைக் காட்டிலும் அதற்குள் போடும் எண்தான் முதலில் எண்ணத்தக்கது என்பது எங்கள் துணிபு.

எங்கள் அன்னையர் பள்ளியில் படித்த நாளில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ எஸ்.டி.டி. பூத்தைத் தேடிப் போக வேண்டும். சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரில் கண்ணும் ரிசீவரில் காதுமாகப் பேசி முடிக்க வேண்டும். இந்தியாவின் முதற் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவுக்கும் மத்திய அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நிகழ்ந்தது. அன்று அழைத்தவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்றவரும் பணம் கட்ட வேண்டியிருந்தது! அந்தச் சுமை 2003 மே மாதத்தில்தான் நீங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டாவின் விலை வீழ்ந்தது.

அந்நாளைய தொலைபேசி ஒரு வீட்டுக்கோ கடைக்கோ உரியது. அதன் எண் ஒரு முகவரி போன்றது, அவ்வளவே. இன்றைய எண்ணோ ஓர் ஆளுக்கு உரியது. ஏறத்தாழ அவருடைய கையெழுத்தாகவே செயற்படுகிறது. கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஓ.டி.பி. அதற்குத்தான் வருகிறது. வங்கியில் பணம் ஏறினாலும் இறங்கினாலும் செய்தி அதற்குத்தான் வருகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று இருந்த அத்திட்டம், 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோருக்கும் விரிவாயிற்று. அந்தப் பணம் வந்ததா, வரவில்லையா என்று அறிவதற்கும் எண் நம் கையில் இருக்க வேண்டுமன்றோ?

எங்களுக்கு முன் நம் பள்ளியில் படித்த ஓர் அக்காவுக்கு நேர்ந்தது இது. வணிகவியலில் நல்ல மதிப்பெண். சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தார். வீட்டில் இருந்தது அண்ணனின் எண். விண்ணப்பத்தில் அதையே எழுதினார்கள். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இடம் கிடைத்த செய்தி முற்பகலில் அவருடைய கைபேசிக்கு வந்தது. வேலை நேரத்தில் அதை எடுத்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. இரவு அறைக்குத் திரும்பிப் பார்த்து, பதறி வீட்டுக்குச் சொன்னார். பணம் கட்ட வேண்டிய நேரம் அன்று மாலையோடு முடிந்திருந்தது. அடுத்த சுற்றில் அக்காவுக்கு வேறொரு பாடந்தான் கிடைத்தது. இதில் கல்லூரியையும் குறை சொல்ல முடியாது. அண்ணனையும் குறை சொல்ல முடியாது. பாவம், தங்கையை விட அவர்தான் அதிகம் அழுதாராம்!

அக்காவுக்கு ஏன் சொந்த எண் இல்லை? வீட்டில் வறுமை என்று சொல்வதற்கில்லை. பெண் பிள்ளைக்கு இப்போது எதற்கு என்பதுதான் காரணம். இது ஒரு வீட்டுக் கதையன்று. 2023இல் நடந்து 2024 ஜனவரியில் வெளியான ‘அசர்’ ஆய்வு, நாட்டின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள ஊரகப் பிள்ளைகளைக் கேட்டறிந்தது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண் பிள்ளைகளுள் 43.7 விழுக்காட்டினர் சொந்தக் கைபேசி வைத்திருந்தனர். பெண் பிள்ளைகளுள் 19.8 விழுக்காட்டினரே வைத்திருந்தனர். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைபேசிக்கு வந்தபோது, ஒரு கைபேசிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்த வீடுகளில் யாருடைய வகுப்பு முதலில் என்ற கேள்விக்கு எப்படி விடை கிடைத்தது என்பதை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். இன்றும் அண்ணனுக்குப் புதியது, தங்கைக்கு அவன் கழித்த பழையது என்பதுதான் பல வீடுகளில் எழுதாச் சட்டம். பழையதைப் பெறுவதில் எங்களுக்கு வெட்கமில்லை. ஆனால் மிகப் பழைய ஆண்ட்ராய்டு உள்ள கைபேசியில் வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன; பாதுகாப்புக்கான புதுப்பிப்பும் நின்று போகிறது.

இங்கே ஒரு சட்ட விவரத்தைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். 18 வயது நிரம்பாதவருக்கு சிம் கார்டு வழங்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2021இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே பிளஸ் டூ முடிக்கும் மாணவிக்கு வாங்கும் சிம் பெரும்பாலும் தந்தை பெயரிலோ தாய் பெயரிலோதான் இருக்கும். அதில் தவறில்லை. அந்த எண்ணை அவள் ஒருத்தியே பயன்படுத்துவாள் என்று வீட்டில் உறுதி செய்துகொண்டு, விண்ணப்பம், வங்கி எல்லாவற்றிலும் அதையே தரலாம். 18 வயது நிறைந்ததும் தந்தையும் மகளும் ஆதார் அட்டைகளோடு நிறுவனத்தின் சேவை மையத்திற்கு நேரில் சென்று, அதே எண்ணை மகள் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். பிறந்த நாளுக்குப் புடவை எடுப்பதைப் போல இதையும் ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளலாமே!

எண்ணை வாங்கினால் மட்டும் போதாது. அதை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும். 90 நாள் எவ்விதப் பயன்பாடும் இன்றிக் கிடக்கும் எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம். அவ்வாறு நின்ற எண், குறைந்தது 90 நாள் கழிந்தபின் முன்பின் அறியாத ஒருவருக்குப் போகலாம். நம் வங்கிச் செய்தி அவருக்குப் போனால் என்னாவது? விடுமுறைக்கு விடுமுறை சலுகை விலை சிம் வாங்கி மாற்றிக்கொண்டே இருக்கும் தோழியர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

இனிக் கட்டணத்திற்கு வருவோம். கடையில் 10,000 ரூபாய்க் கைபேசிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசும் நாம், ரீசார்ஜ் திட்டத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். ‘மாதத் திட்டம்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 28 நாள்தான். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. ஆகவே ஆண்டுக்கு 12 முறையன்று, 13 முறை பணம் கட்டுகிறோம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின; ஜியோவில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயாயிற்று. அந்த 299ஐ 13ஆல் பெருக்கிப் பாருங்கள்: 3,887 ரூபாய். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 11,661 ரூபாய். கைபேசியின் விலையைக் கட்டணம் தாண்டிவிட்டது! இன்றைய விலையை வைத்து இதே கணக்கை ஒவ்வொருவரும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். 30 நாள் திட்டமும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒவ்வொன்றேனும் இருக்க வேண்டும் என்று ‘ட்ராய்’ ஆணையம் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. டேட்டா வேண்டாதவருக்காக, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்றேனும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதித்தது. அத்தகைய திட்டம் 365 நாள் வரை நீளலாம். கடைக்காரர் தாமாக இவற்றைச் சொல்ல மாட்டார், கேட்டால் சொல்வார்.

டேட்டா எவ்வளவு வேண்டும்? எழுத்துச் செய்திக்கு மிகச் சிறிதே போதும். நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேரம் பாட வீடியோ பார்த்தால் ஏறக்குறைய அரை ஜிபி செலவாகும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இணையவழி வகுப்புக்காகக் கல்லூரி மாணவருக்குத் தமிழ்நாடு அரசு நாள்தோறும் தந்தது 2 ஜிபி. நாள் முழுதும் வகுப்பு நடந்த காலத்துக்கே அது போதும் என்று கருதப்பட்டது. கல்லூரிக்கு நேரில் போகும் மாணவிக்கு அதற்கு மேல் எதற்கு? நாள் கணக்கில் தரும் டேட்டா நள்ளிரவில் தீர்ந்துவிடும். மிச்சம் மறுநாளுக்கு வராது. அதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று நம்முள் சிலர் பதினோரு மணிக்குக் கண் விழிப்பது வேடிக்கையான சிக்கனம்!

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். அதற்குப் பொதுவான விடை இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குக் கல்லூரி செல்லும் மாணவி நாள்தோறும் 40 கிலோமீட்டருக்கு மேல் போய், அதே தொலைவு திரும்புகிறாள். முதுநகரில் நன்றாக எடுக்கும் சிக்னல் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், கிள்ளை என்று வண்டி போகப் போக மெலியலாம். அண்ணாமலைநகரில் விடுதியில் தங்குபவள், விடுதி அறைக்குள் எது எடுக்கிறது என்று அங்கிருக்கும் அக்காமாரைத்தான் கேட்க வேண்டும். வீட்டிலும் எடுக்க வேண்டும், வழியிலும் எடுக்க வேண்டும், கல்லூரியிலும் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் நடிகரைக் கேட்டால் இது தெரியாது. பி.எஸ்.என்.எல். 2025 செப்டம்பரில் தன் 4ஜி சேவையை நாடு முழுமைக்கும் தொடங்கியிருப்பதால், மலிவு கருதுவோர் அதையும் கணக்கில் சேர்க்கலாம். எடுத்தது பிடிக்காவிட்டால் 90 நாள் கழித்து, 1900 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பி, எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் இருக்கிறது.

கைபேசியைப் பற்றிச் சொல்ல எஞ்சியிருப்பது குறைவே. கடலூர்க்காரருக்குப் புயல் புதிதன்று. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ அடித்தபின், ஊர்ப்புறங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2024இல் ‘ஃபெஞ்சல்’ கரையேறியபின் தென்பெண்ணை வெள்ளம் வந்தது. ஆகவே எங்கள் ஊருக்குக் கேமராவை விட பேட்டரி பெரிது. 5,000 எம்.ஏ.எச். அளவேனும் இருக்கட்டும். வயர் மாட்டும் ஹெட்செட் துளையும் பண்பலை வானொலியும் உள்ள கைபேசியைத் தேடுங்கள். அந்த வயரே வானொலிக்கு ஏரியல்; டவர் விழுந்து டேட்டா நின்றாலும் வானொலிச் செய்தி கேட்கும். சேமிப்பிடம் 128 ஜிபி இருந்தால் மூன்றாண்டுக்குக் கவலையில்லை. புதுச்சேரியில் வரி குறைவு என்று பேருந்து ஏற வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் கைபேசிக்கு லாரன்ஸ் சாலையிலும் நேரு வீதியிலும் வரி ஒன்றுதான்.

பழைய கைபேசி வாங்குவோர் பில் இல்லாமல் தொடவே கூடாது. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பினால் அக்கைபேசியின் விவரம் வரும். திருட்டுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு காவல் நிலையப் படியேறுவானேன்?

பெற்றோர் அஞ்சுவது வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு வரை பெண்ணுக்கும் ஆணுக்கும் சொந்த ஸ்மார்ட்போன் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கீழ் வகுப்புத் தங்கையர் எங்களைக் கோபித்துக்கொள்வார்கள், பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் அச்சத்தின் பெயரால் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் எண்ணை இன்னொருவர் கையில் வைப்பது அவளைக் காப்பதாகாது. அக்காவின் கதையில் பார்த்தோமே! ரீசார்ஜ் கடை நோட்டில் நம் எண்ணை எழுதிவிட்டு வந்தால், பிறகு அறியாதவரிடமிருந்து அழைப்பு வருவதும் உண்டு. ஆதலால் ரீசார்ஜை வீட்டிலிருந்தே செய்யப் பழக வேண்டும். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் அழுதுகொண்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் ‘அப்பா, இப்படி நடந்துவிட்டது’ என்று சொல்லும் துணிவு மகளுக்கு இருக்க வேண்டும். ‘கைபேசியைப் பிடுங்கிவிடுவார்’ என்ற அச்சம் இருக்கும் வீட்டில் அத்துணிவு எங்கிருந்து வரும்?

நம் பள்ளியின் அருட்சகோதரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் ஒரு வேண்டுகோள். பொதுத் தேர்வு முடிந்த மறுவாரம் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கித் தாருங்கள். சிதம்பரத்தில் படிக்கும் முன்னாள் மாணவியர் இரண்டு மூன்று பேர் வந்து, தம் திட்டம் எது, கட்டணம் என்ன, வழியில் எங்கே சிக்னல் நின்றது என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். அன்னையரோடு தந்தையரும் அண்ணன்மாரும் வரட்டும். வீட்டில் உள்ள சிம் எது யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வரட்டும். விரிப்பு விரித்து நாற்காலி போடுவதற்கு நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.