பென்டிரைவில் அப்பாவின் முகம்

அப்பாவுக்கு அறுபது நிறைந்ததும் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி வைத்தோம். கலச நீர் ஊற்றி, புடவை மாற்றி வந்து உட்கார்ந்த அம்மாவின் கழுத்தில் அப்பா மறுபடியும் மாங்கல்யம் கட்டக் குனிந்த நொடியை நான்தான் எடுத்தேன். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்ததில் அப்பாவின் வலது கன்னம் நிழலில் இருந்தது. அம்மா உடுத்தியிருந்தது அரக்குப் பட்டு. சென்னைக்குத் திரும்பி இரண்டு இரவு லேப்டாப்பில் உட்கார்ந்து அந்தப் படத்தைச் சரிசெய்தேன். திரையில் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது. 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, சட்டம் கட்டி, ஊருக்கு எடுத்துப் போனேன்.

அம்மா கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் பீரோவைத் திறந்து, அந்தப் புடவையையே எடுத்து வந்து சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏண்டா, இதுவா அது?"

இல்லை. படத்தில் இருந்த புடவை சிவப்புச் சாயத்தில் முக்கிய துணி மாதிரி ஒரே தகடாக இருந்தது. மடிப்பு தெரியவில்லை, கரையில் ஜரிகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்பாவின் முகத்தில் வெளிச்சம் பட்ட பக்கம் ஆரஞ்சு, நிழல் பக்கம் வெறும் கறுப்பு. முப்பத்தைந்து வருடமாகப் பார்த்துவரும் முகத்தை நானே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டேனே என்று அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வருத்தம் சாதாரணமானதல்ல.

பிரிண்ட் போட்ட லேப்பில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் பொறுமையாக என் ஃபைலைத் தன் திரையில் திறந்து காட்டினார். அதே சிவப்பு, அதே கறுப்பு. "நீங்க குடுத்ததைத்தான் சார் போட்டிருக்கோம். உங்க மானிட்டர்ல உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான பேச்சு.

பிறகு ஒரு மாதம் இதைப் பற்றியே படித்தேன். நடந்தது விளங்கியது. என் லேப்டாப் திரை 45 சதவீத என்டிஎஸ்சி வகை, அதாவது என்டிஎஸ்சி என்ற நிற எல்லையின் பரப்பில் 45 சதவீதம்தான் அதற்கு. குறைந்த விலை லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் வருகிறது. நாம் போட்டோவுக்குப் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி என்னும் நிற எல்லையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அதனால் காட்ட முடியும். அடர்ந்த சிவப்பை அது காட்டவே காட்டாது; வெளிறிய செங்கல் நிறத்தில் ஏதோ ஒன்றைக் காட்டும். அரக்கு போதவில்லையே என்று நான் சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். திரையில் அது கொஞ்சமாகத்தான் மாறியது. ஃபைலில் சிவப்பு உச்சத்தில் போய் முட்டி, மடிப்பின் ஏற்ற இறக்கம் எல்லாம் அழிந்தே போனது. திரையின் வெள்ளையில் நீலம் ஓடியதால் அப்பாவின் முகத்துக்கு மஞ்சளைக் கூட்டினேன். திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்திருந்ததால் படம் பளிச்சென்று தெரிந்தது. போதும் என்று நிழலைத் தூக்காமல் விட்டேன். காகிதத்துக்குத் தானாக ஒளி கிடையாதே. பிரிண்ட் இருண்டுபோனதற்குக் காரணம் அதுதான்.

சரியான மானிட்டர் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். கையில் இருந்தது 20,000 ரூபாய். இந்தப் பணத்துக்குள் போட்டோவுக்கென்று நல்ல மானிட்டர் கிடைக்காது என்று சொன்னவர்கள்தான் அதிகம். கிடைக்கும். எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று தெரிந்தால் தாராளமாகக் கிடைக்கும்.

கடைக்குப் போகுமுன் ஒரு பென்டிரைவில் நான்கு படங்களை ஏற்றிக்கொண்டேன். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மெல்ல மாறும் சாம்பல் பட்டை ஒன்று. மேகமில்லாத மாலை வானம் ஒன்று. பீரோவிலிருந்து வெளியே எடுத்துத் திண்ணை வெளிச்சத்தில் வைத்துப் படம்பிடித்த அந்த அரக்குப் புடவை. நான்காவது, அப்பாவின் முகம், நான் கைவைக்காத மூலப்படம்.

முகம் ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பிலிம் காலத்தில் பிரிண்ட் எந்திரத்தின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு பரிசோதனைப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. முதலில் அதில் இருந்த பெண்ணின் பெயரால் அதை ஷெர்லி கார்டு என்பார்கள். பல பத்தாண்டுகள் அந்தக் கார்டில் வெள்ளைக்காரப் பெண் மட்டும்தான். அவள் கன்னம் சரியாக வந்தால் எந்திரம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் அந்தச் சரியில் சேரவில்லை. 1990களில்தான் வெவ்வேறு இனப் பெண்கள் சேர்ந்து இருக்கும் கார்டு வந்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுக்கவைக்கும் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. கேட்டால், பிரிண்டில் கறுத்துப்போகும், அதனால்தான் என்பார்கள். திரை உண்மையைக் காட்டினால் அந்தச் சாக்குக்கு இடமே இல்லை. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் எத்தனை சாயல்கள் இருக்கின்றன என்று தெரியவேண்டுமானால், நமக்கு மனப்பாடமான ஒரு முகத்தைத் திரையில் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அப்பாவின் முகம்தான் ஷெர்லி கார்டு.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி ஸ்ட்ரீட். முதல் கடையில் வளைந்த திரை ஒன்றைக் காட்டினார்கள். 144 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட், எச்டிஆர் என்றார் விற்பனைப் பையன். கேம் ஆடுபவருக்கு இதெல்லாம் வேண்டும். அசையாத படத்துக்கு 60 ஹெர்ட்ஸே மிஞ்சும். வளைந்த திரை போட்டோவுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். கோபுரம் நேராக நிற்கிறதா, மண்டபத் தூண் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டியவனுக்குத் திரையே வளைந்திருந்தால் எதை நம்புவது?

என் படங்களைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் இரண்டு கடைகளில் முகம் சுளித்தார்கள். மூன்றாவது கடையில் இருந்த பெரியவர், "தாராளமா போட்டுப் பாருங்க தம்பி, காசு குடுக்கப்போறது நீங்கதானே" என்று சொல்லி, மூன்று மானிட்டர்களை வரிசையாக ஓடவிட்டார்.

முதலாவது டிஎன் வகை. நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே அப்பாவின் முகத்தில் நிழல் கலைந்து நெகட்டிவ் போலத் திரும்பியது. என்ன விலை என்றாலும் வேண்டாம். இரண்டாவது விஏ வகை. கறுப்பு அவ்வளவு கறுப்பாக, அழகாக இருந்தது. இருட்டில் சினிமா பார்க்க இதைவிட வேறு வேண்டாம். ஆனால் சாம்பல் பட்டையின் இருண்ட பக்கத்தை நேராகப் பார்க்கும்போது இரண்டு மூன்று கட்டங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. தலையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பிரிந்து வந்தன. நிழலைத் திருத்தும் வேலைக்கு இது துரோகம். மூன்றாவது ஐபிஎஸ். 1996இல் ஜப்பானின் ஹிட்டாச்சி கொண்டுவந்த தொழில்நுட்பம் இது. எங்கே நின்று பார்த்தாலும் முகம் முகமாகவே இருந்தது. ஐபிஎஸ்ஸின் கறுப்பு கொஞ்சம் வெளிறியதுதான், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1000க்கு 1 என்ற அளவில் நிற்கும். அதனால் நமக்கு நஷ்டமில்லை. போட்டோ காகிதத்தின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளி அதைவிட எவ்வளவோ குறைவு.

வானத்தின் படம் எதற்கு என்றால், பட்டை பட்டையாக உடைகிறதா என்று பார்க்க. 6 பிட் திரை ஒவ்வொரு நிறத்திலும் 64 படிகளைத்தான் காட்டும். மூன்றையும் பெருக்கினால் 2,62,144 நிறம். 8 பிட் என்றால் நிறத்துக்கு 256 படி, மொத்தம் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். 6 பிட் திரையிலும் படிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி இடைநிறங்களை உண்டாக்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வானம் வழுக்கிக்கொண்டு போனால் சரி.

அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதில் முக்கியமாகத் தேட வேண்டியது ஒரே ஒரு வரி: எஸ்ஆர்ஜிபி 99 அல்லது 100 சதவீதம். எச்பியும் மைக்ரோசாப்டும் 1996இல் முன்வைத்து, 1999இல் சர்வதேசத் தரமாக ஆன நிற எல்லை இது. செல்போனில் பகிரும் படத்துக்கும் வழக்கமான லேப்பில் போடும் பிரிண்டுக்கும் இதுதான் பொதுவான அளவுகோல். சில பெட்டிகளில் 72 சதவீத என்டிஎஸ்சி என்று இருக்கும். பரப்பளவில் அது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 என்றிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். 120 சதவீதம் என்று போட்டிருந்தால் அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்; அது பெரும்பாலும் எல்லையின் பரப்பைச் சொல்கிறதே தவிர, எஸ்ஆர்ஜிபியை முழுதாக மூடுகிறது என்று சொல்லவில்லை.

அடோபி ஆர்ஜிபி வேண்டாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். அதற்கான மானிட்டர் விலை வேறு. 1998இல் வந்த அந்த எல்லைக்கு சிவப்பு முனையும் நீல முனையும் எஸ்ஆர்ஜிபியோடு ஒன்றேதான். பச்சை முனைதான் தள்ளிப் போகிறது. ஆகையால் அது கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட நிறங்கள். பாவு ஒரு நிறமும் ஊடை இன்னொரு நிறமுமாக நெய்யும் மயில்கழுத்துப் பட்டுப் புடவையைக் கடைக்காகப் படம்பிடித்து, நல்ல இங்க்ஜெட்டில் அச்சிடுபவர் அதற்குச் செலவழிக்கலாம். எங்கள் வீட்டு அரக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அளவைப் பொறுத்தவரை 27 அங்குலத்தின் மேல் எல்லோருக்கும் ஆசை. 27 அங்குலத்தில் 1920க்கு 1080 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிதான். கண்ணிமை கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. அந்த அளவில் வாங்கினால் 2560க்கு 1440 வேண்டும், அது 109 புள்ளி. என் பணத்துக்கு 24 அங்குலம்தான் என்று தீர்மானித்து, ஏசுஸின் புரோஆர்ட் பிஏ248க்யூவியை எடுத்தேன். 1920க்கு 1200, வழக்கமான திரையைவிட உயரம் சற்று அதிகம், அந்த உயரம் செங்குத்துப் படங்களுக்கு வசதி. எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம், நிறப்பிழையைச் சொல்லும் டெல்டா ஈ 2க்குக் கீழே என்று தொழிற்சாலையிலேயே சரிபார்த்து அனுப்புகிறார்கள். டெல், பென்க்யூ இரண்டிலும் இதே தரத்தில் மானிட்டர்கள் உண்டு. பெயரைவிட அந்த எஸ்ஆர்ஜிபி வரி முக்கியம்.

இவ்வளவு பணமும் இல்லாத மாணவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெல் அல்ட்ராஷார்ப் மானிட்டர்கள் செகண்ட் ஹேண்டில் வரும். வெள்ளைப் படம் ஒன்றை முழுத்திரையில் போட்டு, மூலைகள் மஞ்சளடித்திருக்கிறதா, நடுவில் ஒரு வெளிச்சம் ஓரத்தில் ஒரு வெளிச்சமா என்று பாருங்கள். அது தேறினால், புது டிஎன் திரையைவிட அந்தப் பழைய ஐபிஎஸ் பல மடங்கு மேல்.

வீட்டில் வைத்து ஓடவிட்டதும் திரை கண் கூசியது. கடையில் வரிசையில் நிற்கும்போது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக பெரும்பாலான மானிட்டர்களை அதிக வெளிச்சத்தில்தான் அனுப்புகிறார்கள். பிரிண்டுக்கு வேலை செய்ய சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். கருவி இல்லாதபோது நான் செய்தது இதுதான்: அறை விளக்கின் கீழ், திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, திரையின் வெள்ளை காகிதத்தின் வெள்ளையைப் போலத் தோன்றும்வரை வெளிச்சத்தைக் குறைத்தேன். கால் பங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு நாள் மங்கலாகத் தெரிந்தது, பிறகு கண் பழகிவிட்டது. இது ஒன்றைச் செய்தாலே இருண்ட பிரிண்ட் என்ற தொல்லையில் பெரும்பகுதி தீரும். ஒரு பைசா செலவில்லை.

கறுப்பு மட்டும் சாம்பலாகவே தெரிந்தது. மானிட்டர் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். எச்டிஎம்ஐ வழியாகப் போகும்போது கம்ப்யூட்டர் இதை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையிலான அளவை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் அமைப்பில் முழு அளவு என்று மாற்றியதும் கறுப்பு கறுப்பாயிற்று.

நிறத்தைக் கருவி வைத்து அளந்து சரிசெய்வதுதான் கடைசிப் படி. அந்தக் கருவி மானிட்டர் விலையில் பாதிக்கு மேல் இருக்கும். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கினோம். மாதத்தில் ஒரு நாள் போதும் என்பதால் கைமாறிக்கொண்டே இருக்கிறது. டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளோடு, திரையை அரை மணி நேரம் சூடேறவிட்டு, வெள்ளை 6500 கெல்வின், காமா 2.2 என்று கொடுத்தால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். என் அறைச் சுவர் வெளிர் பச்சை. பகலில் அந்தப் பச்சை திரைமேல் விழுகிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டு, மேசையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். அம்மா பார்த்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். அதை அழித்துவிட்டு மூலப்படத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். சிவப்பை ஏற்றவே இல்லை. முகத்துக்கு மஞ்சள் சேர்க்கவில்லை, வெளுக்கவும் இல்லை; நிழலை மட்டும் கொஞ்சம் திறந்தேன். அதே லேப், அதே அளவு, அதே காகிதம்.

இந்த முறை அம்மா படத்தை டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்கவில்லை. வாசலுக்கு எடுத்துப் போய், திண்ணை வெளிச்சத்தில் புடவை முந்தானையை அதன் மேலேயே விரித்துப் பார்த்தாள். புடவையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் நிழல் பக்கக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விரலை வைத்து, "காதுகிட்ட உங்கப்பாவுக்கு ஒரு மச்சம் உண்டுடா. போன தடவை அதைக் காணோமே" என்றாள்.