டாக்டரிடம் சொல்லாத விஷயம்

கல்யாணமாகி ஓர் ஆண்டு ஆகிவிட்டால் போதும். "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் எப்போதும் பெண்!

டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கும் ஓர் ஆண்டுதான். தடுப்பு முறை எதுவும் இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகவில்லை என்றால், பரிசோதனைக்கு வர வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதத்திலேயே வரலாம். உலகில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்தக் கஷ்டத்தைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ம் ஆண்டு அறிவித்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள். ஸ்கேன் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியைப் பல இடங்களில் கேட்பதில்லை. "உங்கள் தாம்பத்திய உறவு எப்படி இருக்கிறது?" என்பதுதான் அது. கேட்காததால் தம்பதியும் சொல்வதில்லை. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சொல்வார்கள்?

கல்யாணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும், முழுமையான உறவே நிகழாத தம்பதிகள் உண்டு. உறவு கொள்ள நெருங்கும்போது சில பெண்களின் உடல் தானாக இறுகிக்கொள்ளும். தாங்க முடியாத வலி வரும். அவள் வேண்டுமென்று செய்வதல்ல இது. பயிற்சியாலும் ஆலோசனையாலும் பெரும்பாலும் குணமாகக்கூடியது. அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, கரு உண்டாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால் குழந்தை எப்படிப் பிறக்கும்? பணம் போகிறது. வயதும் போகிறது. 'மலடி' என்ற பழிச்சொல் மட்டும் மிஞ்சுகிறது.

சிகிச்சை தொடங்கியபின் வேறொரு தொல்லை வருகிறது. "இன்று 14-ம் நாள், தவறவிடாதீர்கள்" என்கிறார்கள். கணவன் வேலையிலிருந்து ஓடி வருகிறான். படுக்கையறை பரீட்சை அறை ஆகிவிடுகிறது! அன்றைக்குப் பார்த்து அவனுக்கு உடல் ஒத்துழைப்பதில்லை. 'ஆண்மை போய்விட்டது' என்று நடுங்குகிறான். யாருக்கும் தெரியாமல் லாட்ஜில் ரூம் போட்டிருக்கும் வைத்தியரிடம் போய் லேகியம் வாங்குகிறான்.

அவனுக்கு ஒரு செய்தி. கவலையாலேயே இப்படி ஆகலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மது, சிகரெட் ஆகியவையும் காரணமாகலாம். சில சமயம் இருதய நோயின் முன் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே டாக்டரிடம் போக வேண்டும். உடல் தேற என்று ஆண்மை ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஊசி விந்தணுவைக் குறைத்துவிடும்!

ஒரே ஒரு நாளைக் கட்டிக்கொண்டு அழவும் தேவையில்லை. பெண்ணின் முட்டை ஒரு நாளைக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆசையோடு கூடி இருந்தாலே போதும். வழுவழுப்புக்காகத் தடவும் சில களிம்புகள் விந்தணுவுக்கு ஆகாது. எதைத் தடவலாம் என்று டாக்டரைக் கேளுங்கள்.

விந்துப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியின் சிறிய அறையில் மாதிரி கொடுக்க முடியாமல் திணறுகிற கணவர்களும் உண்டு. வீட்டில் எடுத்து, உடல் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரலாமா என்று கேட்கலாம். எளிய பரிசோதனை இது. மனைவிக்கு நடக்கும் வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது நம் கருத்து.

செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் தம்பதிக்கு ஆலோசனை வழங்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வெற்றி வாய்ப்பு என்ன, செலவு எவ்வளவு என்று சொல்வதோடு அந்த ஆலோசனை நின்றுவிடக் கூடாது. உறவில் வலி உண்டா, பயம் உண்டா, ஆசை குறைந்துவிட்டதா என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடம் மாமியார் வராந்தாவில் உட்கார்ந்திருக்கட்டும்.