சின்னம் சூட்டிய பிறகு

முதலாம் தவணையில் வன்னிப் பாடசாலைகள் பலவற்றில் மாணவ முதல்வர்களுக்குச் சின்னம் சூட்டும் விழா நடக்கிறது. பெற்றோர் வருகிறார்கள், சத்தியப்பிரமாணம் எடுக்கப்படுகிறது, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தவர் வாழ்த்திப் பேசுகிறார். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் வேலை என்ன? வாயிலில் நின்று பிந்தி வருவோரின் பெயரை எழுதுவது, காலைக் கூட்டத்தில் வரிசையைச் சரிசெய்வது, விருந்தினர் வந்தால் மாலையோடு வெயிலில் காத்திருப்பது. ஒழுங்கு வேண்டியதுதான். ஆயினும் ஒரு விடயத்தில் தாமே முடிவெடுத்து, அதற்குத் தாமே பதில் சொல்லிப் பழகாத பிள்ளையிடம் தலைமைத்துவம் வளராது.

ஊரோடு நமக்குள்ள உறவும் இப்படித்தான் சுருங்கியிருக்கிறது. 2009இன் பின் செட்டிக்குளம் முகாம்களிலிருந்து மீளக்குடியமர்ந்த மக்கள், தம் வீடு எழும்புமுன்னரே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். 2018 டிசம்பர் பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தபோது குடும்பங்கள் பாடசாலைக் கட்டடங்களிலும் தஞ்சமடைந்தன. இடர் வந்தால் ஊர் நம்மை நம்பி வருகிறது. நாமோ சிரமதானத்துக்கும் நிதி சேர்க்கவுமே ஊரை அழைக்கிறோம்.

நம்மில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியா நகரிலிருந்தோ நாளாந்தம் வந்து, மணியடித்ததும் பேருந்தைப் பிடிப்பவர்கள். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் ஊரை அறிந்தவர்கள் மாணவர்கள்தான் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். தரம் 10 மாணவன் மூன்று நாள் வரவில்லையென்றால், காரணம் முதலில் தெரிவது பக்கத்து மேசைப் பிள்ளைக்கு. அறுவடைக் கூலிக்குப் போயிருப்பான், தாய் மத்திய கிழக்கில் இருக்க, தங்கையைப் பார்த்துக்கொள்வான், இ.போ.ச. பேருந்து நிறுத்தாமல் போயிருக்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமென்றால் யானை பாதையில் நின்றிருக்கும். கட்டாயக் கல்வி வயதெல்லை 2016இல் 16ஆக உயர்த்தப்பட்டது. அந்தச் சட்டம் இங்கே பயன் தர, மாணவர்களிடமுள்ள இந்த அறிவு நமக்குத் தேவை.

அதற்கான அமைப்பு நம் கையிலேயே இருக்கிறது. மாணவர் பாராளுமன்றத்தில் சபாநாயகரும் அமைச்சர்களும் இருக்கிறார்கள். தவணைக்கு ஒரு மெய்யான விடயத்தை அவர்களிடம் ஒப்படைப்போம். பேருந்தையே எடுத்துக்கொள்ளலாம். எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை மணிக்குப் பேருந்து வந்தது, நிறுத்தியதா என்று ஒரு மாதம் மாணவர்கள் குறிக்கட்டும். அட்டவணையாக்கி, கடிதம் எழுதி, அதிபரோடு போய்ச் சாலை முகாமையாளரைச் சந்திக்கட்டும். கிடைத்த பதிலைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் முன் சொல்லட்டும். குடியியற் கல்விப் புத்தகம் கற்பிக்க முயல்வதை அவர்கள் செய்தே கற்றிருப்பார்கள்.

1970களின் நடுப்பகுதியில் கொலம்பியாவில் விக்கி கோல்பெர்ட் முதலானோர் தொடங்கிய ‘எஸ்குவேலா நுவேவா’ கிராமப் பள்ளிகள் இவ்வழியில் சென்றவை. பல தரங்களுக்கு ஓராசிரியரே கற்பித்த அச்சிறு பள்ளிகளில் மாணவர் தேர்ந்தெடுத்த அரசும், தோட்டம், நூலகம் போன்றவற்றுக்கான மாணவர் குழுக்களும் கற்பித்தல் முறையின் அங்கமாகவே இருந்தன. அதுவும் நீண்ட உள்நாட்டுப் போரைக் கண்ட நாடு.

இரண்டு எச்சரிக்கைகள். வராத பிள்ளையின் வீட்டுத் துயரத்தை மாணவர் குழு பதிவேட்டில் எழுதக் கூடாது; வகுப்பாசிரியரின் காதில் சொல்வதோடு அவர்கள் பொறுப்பு முடிய வேண்டும், மற்றது ஆசிரியரின் கடமை. அடுத்தது தெரிவு. மேடையில் நன்றாகப் பேசுவோரும் முதல் ஐந்து இடத்தினருமே திரும்பத் திரும்பத் தெரிவாகிறார்கள். 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும், தூரக் குடியிருப்புகளிலிருந்து சைக்கிள் மிதித்து வருவோரும் அந்தச் சபையில் இருந்தாலொழிய, அது ஊரின் குரலாகாது.

அதிபர்களிடம் இவ்விதழ் கேட்பது இதுதான். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் மாணவர்களுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அவர்கள் முன்வைக்கும் விடயத்துக்கு அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். முடியாதென்றால் ஏன் முடியாதென்று எழுதுங்கள். காரணத்தோடு மறுக்கப்பட்ட பிள்ளை இன்னும் நல்ல கோரிக்கையோடு திரும்பி வரும். பதிலே பெறாத பிள்ளை கேட்பதையே விட்டுவிடும்.