நோயாளியின் கையிலிருந்து வேலையைப் பறிக்கலாமா?

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருவோரின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “நீங்கள் சும்மா இருங்கள், நான் செய்கிறேன்.” இதைச் சொல்பவர் மனைவியாக இருக்கலாம், மகனாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். சொல்வது அன்பினால்தான். ஆயினும், இந்த அன்பே சில வேளைகளில் நோயாளியின் மீட்சிக்குக் குறுக்கே நிற்கிறது என்பது எங்கள் கருத்து. அதை ஒரு பிளாஸ்டிக் விமானத்தின் கதையைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். குடும்பத்தாரின் ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.

ஏற்காடு மலையில் கிளியூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர் அந்தப் பெரியவர். வயது அறுபத்தேழு. இந்திய விமானப் படையில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மிக்-21 விமானங்களின் எஞ்சின்களைப் பழுதுபார்த்த கைகள் அவருடையவை. பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. உயிருக்கு ஆபத்து நீங்கி வீடு திரும்பினார். மூன்று மாதங்களில் கோலூன்றி நடந்தார். ஆனால் இடக்கை மட்டும் மடியிலேயே கிடந்தது. விரல்கள் அசையும், அவர் அசைக்க மாட்டார். சட்டைப் பொத்தான் போடுவதும், சாதம் பிசைந்து வைப்பதும், மருந்து அட்டையைப் பிரிப்பதும் மகளின் வேலையாயின.

சென்ற ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், 1963 முதல் 62 ஆண்டுகள் பறந்த மிக்-21 விமானங்களுக்குச் சண்டிகரில் விடை கொடுத்தார்கள். அந்நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் கண்டு தாத்தா கண்கலங்கியதைப் பார்த்த பேரன், அவ்விமானத்தின் சிறு மாதிரித் தொகுப்பு ஒன்றை வாங்கி வந்தான். 72இல் ஒரு பங்கு அளவு. ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கும் அளவு அது. இறக்கைகளின் முழு அகலமே பத்து சென்டிமீட்டர்தான்.

இத்தகைய தொகுப்பைப் பார்த்திராதவர்களுக்குச் சற்று விளக்குவோம். பெட்டிக்குள் முழு விமானம் இராது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த உறுப்புகள், ஒரு சட்டத்தில் காய்கள்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, பிசிரை உப்புத்தாளால் தேய்த்து, படக்குறிப்பில் உள்ள எண் வரிசைப்படி ஒட்ட வேண்டும். பின்னர் வண்ணம் பூசி, வட்டச் சின்னங்களை நீரில் ஊறவைத்து நகர்த்திப் பதிக்க வேண்டும். இக்கலைக்கு வயது அதிகம். 1942இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை அடையாளம் காணும் பயிற்சிக்காகப் பள்ளி மாணவர்களைக் கொண்டு இதே அளவில் மரத்தில் மாதிரிகளைச் செதுக்கச் செய்தது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1953இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் தொகுப்பை மலிவு விலையில் கொண்டுவந்தபின், பிளாஸ்டிக் மாதிரிகள் அங்கு வீடுதோறும் பரவின.

மருத்துவக் கண்ணோட்டத்தில் இதன் சிறப்பு வேறொன்று. ஒரு கையால் இதைச் செய்ய இயலாது. உண்ணவும், பல் துலக்கவும், கைபேசியைப் பார்க்கவும் ஒரு கை போதும். அதனால் பக்கவாதம் கண்டவர் நல்ல கையையே நாள் முழுதும் பயன்படுத்துகிறார். வலுவிழந்த கை, இயலாமையால் மட்டுமன்றி, பயன்படாத பழக்கத்தாலும் செயலிழக்கிறது. மாதிரி விமானமோ ஒரு கை பிடிக்க, மறுகை ஒட்டினால்தான் உருவாகும். எந்தச் செயலை மீட்க வேண்டுமோ அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதே மூளைக்கு நல்ல பயிற்சி என்பது நரம்பியலில் நன்கு அறியப்பட்ட உண்மை. பந்தை நூறு முறை அழுத்துங்கள் என்றால் சலிப்புத் தட்டும். எஞ்சின் குழாயைப் பொருத்துவதற்காக நூறு முறை விரல்களைக் குவித்தவர், எண்ணிக்கையை நினைப்பதில்லை.

பெரியவர் முதல் வாரத்தில் மூன்று உறுப்புகளை ஒட்டினார். ஒரு மணி நேரம் முயன்று, இறக்கைக்கு அடியில் வரும் எரிபொருள் தொட்டியின் இரு பாதிகளைச் சேர்க்க முடியாமல் கை நழுவியதை மகள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படும் பாட்டைப் பொறுக்கவில்லை. அன்றிரவு அப்பா உறங்கியபின், விமானத்தின் உடல் பகுதி முழுவதையும் தாமே ஒட்டி முடித்து மேசைமேல் வைத்தார். காலையில் அப்பா மகிழ்வார் என்று நினைத்தார்.

பெரியவர் அதைப் பார்த்தார்; பெட்டியை மூடி ஒதுக்கி வைத்தார். அதன்பின் இரண்டு வாரம் உடற்பயிற்சியையும் செய்யவில்லை. சரியாகப் பேசவும் இல்லை.

மகள் எங்களிடம் வந்து அழுதார். “நல்லதுக்குத்தானே டாக்டர் செய்தேன்” என்றார். பெரியவரைத் தனியே கேட்டோம். “அது இப்போது என் விமானம் இல்லை டாக்டர், அவள் விமானம்” என்றார்.

இங்கே எங்கள் குறையையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதங்களாக அவர் மலையிறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து எங்களிடம் வந்துகொண்டிருந்தார். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் குறித்தோம். அந்தக் கைகள் முன்பு என்ன வேலை செய்தன என்று ஒருமுறையும் கேட்கவில்லை. விமானத் தொகுப்பைப் பற்றி மகள் முதலில் சொன்னபோதும், விளையாட்டுப் பொருள் என்றே எண்ணிக் கடந்துவிட்டோம். பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பதை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நாங்கள், எதிரில் அமர்ந்திருந்தவரிடம் அதைக் காணத் தவறினோம். இந்தியாவில் ஆகுபேஷனல் தெரபி என்னும் செயல்வழிச் சிகிச்சைக்கான பள்ளியைக் கமலா நிம்ப்கர் 1950இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் தொடங்கினார். வாழ்க்கையில் பொருளுள்ள வேலையே மருந்தாகும் என்பது அத்துறையின் அடிப்படை. அது எங்களுக்குப் புதிய செய்தியன்று, மறந்துபோன செய்தி.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கினோம். செயல்வழிச் சிகிச்சையாளரின் ஆலோசனைப்படி புதிய தொகுப்பு ஒன்று வாங்கப்பட்டது. 48இல் ஒரு பங்கு என்னும் பெரிய அளவு, உறுப்புகள் குறைவு. மகளுக்கு ஒரே ஒரு விதி: பசைக் குப்பியின் மூடியைத் திறந்து தரலாம், வேறெதையும் தொடக்கூடாது. விரல்கள் பிடிக்காத இடத்தில் துணி மாட்டும் கிளிப்புகள் பிடித்தன. அந்தக் கிளிப்பை அழுத்தித் திறப்பதும் ஒரு பயிற்சியாயிற்று.

பதினொரு வாரங்களில் விமானம் முடிந்தது. இணைப்பில் ஓரிடத்தில் இடைவெளி தெரிகிறது. மூவண்ண வட்டம் ஒன்று சற்றுக் கோணல். பெரியவர் இன்று சட்டைப் பொத்தான்களைத் தாமே போடுகிறார். காப்பி டம்ளரை இடக்கையால் பிடிக்கிறார். இடக்கால் இன்னும் இழுக்கிறது. இம்மாற்றத்தில் உடற்பயிற்சிக்கும் மருந்துக்கும் காலத்துக்கும் பங்குண்டு. எல்லாப் புகழையும் விமானத்துக்குக் கொடுக்க மாட்டோம். ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 2015இல் வெளியிட்ட, 85 வயதைக் கடந்த 256 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கைவினையிலும் கலையிலும் ஈடுபட்டோருக்கு நினைவாற்றல் குறைபாடு குறைவாகவே காணப்பட்டது. அது தொடர்பைக் காட்டுகிறதே அன்றி, காரணத்தை நிறுவவில்லை.

ஆனால் மற்றொரு பயனை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் அப்பா மேசையில் ஆழ்ந்திருக்க, மகளுக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்தது. “எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் ஏரிக்கரை வரைக்கும் தனியாக நடந்துவிட்டு வந்தேன் டாக்டர்” என்றார். பராமரிப்பவரின் உடல்நலமும் இவ்வீட்டின் மருந்துச் சீட்டில் எழுதப்பட வேண்டியதே.

இவ்வேலையில் இறங்க விரும்புவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். மாதிரிப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது; அதன் ஆவியும் எனாமல் வண்ணத்தின் ஆவியும் மூச்சுக்குழலை உறுத்தும். மழையிலும் பனிமூட்டத்திலும் சன்னல்களை அடைத்து வைக்கும் மலை வீடுகளில் இது கூடுதல் கவலை. ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இருக்கும் வீட்டில், பசையின்றி அழுத்திப் பொருத்தும் தொகுப்பும் நீரில் கலக்கும் வண்ணமும் ஏற்றவை. உப்புத்தாளை ஈரப்படுத்தித் தேய்த்தால் தூசி பறக்காது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்களும், பிளேடுக்குப் பதிலாக நகவெட்டியைப் பயன்படுத்துக. உணர்ச்சி குறைந்த கைக்கு உடனடிப் பசை வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், சிறு உறுப்புகளை எட்டாத இடத்தில் வையுங்கள். நல்ல விளக்கொளியும் கண்ணாடியும் இன்றித் தொடங்காதீர்கள்.

தொகுப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை, எல்லாருக்கும் கட்டுப்படியாகா. விமானமேதான் வேண்டும் என்பதும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவருக்குக் காப்பிக்கொட்டை பொறுக்குதல், பூக்கட்டியவருக்கு மல்லிகைச் சரம், தையற்காரருக்கு ஊசிநூல். அவ்வேலை அவருக்குப் பழகியதாக இருக்க வேண்டும். இரு கைகளும் வேண்டியதாக இருக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் உள்ளதாக இருக்க வேண்டும். அது எவ்வளவு கோணலாக வந்தாலும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

உதவுவதற்கும் பறிப்பதற்கும் இடையே உள்ள எல்லை, மூடியைத் திறந்து தருவதற்கும் உறுப்பை ஒட்டித் தருவதற்கும் இடையே இருக்கிறது. அவர் திணறும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம்; அதை அறிவோம். விழக்கூடும் என்றாலோ சுட்டுக்கொள்ளக்கூடும் என்றாலோ உடனே கைகொடுங்கள். நேரம்தான் ஆகிறது என்றால், ஆகட்டும்.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது, உங்கள் வீட்டு நோயாளியின் கைகள் முன்பு என்ன வேலை செய்தன என்பதைச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.